முழுக்கைச் சட்டை

“என் மேல ஒரு புகார் எழுதுங்க சார்.”

அம்பயர் குளியலறைச் சுவருக்கு டைல்ஸ் பார்க்க வந்திருந்தார். வாரநாளில் வங்கி வேலை, ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத் தொப்பி. கையில் எடுத்த பச்சை டைலை அப்படியே பிடித்தபடி அவளை ஏற இறங்கப் பார்த்தார். கடைப் பெண் விலை சொல்வாள் என்று காத்திருந்தவர், பாவம்.

“என்னம்மா சொன்ன?”

“வர்ற மேட்ச்ல நீங்கதானே நிக்கிறீங்க? நான் பந்தை எறியறேனோன்னு சந்தேகமா இருக்குன்னு ரிப்போர்ட்ல எழுதிடுங்க.”

“எனக்குத்தான் அப்படி ஒரு சந்தேகமே இல்லியே.”

“ஊருக்கே இருக்கு. உங்களுக்கு மட்டும் எப்படி இல்லாமப் போச்சு?”

அவர் டைலைக் கீழே வைத்தார். கிரிக்கெட்டில் பந்தை வீசத்தான் வேண்டும், எறிவது குற்றம். ஒரு அம்பயர் அப்படி எழுதிவிட்டால், பந்து வீசுகிறவரைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். கேமராக்களுக்கு நடுவே நிறுத்தி, முழங்கை எவ்வளவு நிமிர்கிறது என்று அளப்பார்கள். தேறினால் பேச்சு ஓய்ந்தது. தேறாவிட்டால் ஆளே ஓய்ந்தாள். அதனால் எந்தப் பந்துவீச்சாளரும் வாய் தவறிக்கூட இதைக் கேட்பதில்லை. இத்தனை வருஷத்தில் அவரிடம் வந்து, விக்கெட் கொடுக்கவில்லை என்று சண்டை போட்டவர்கள் உண்டு. மாட்டிவிடுங்கள் என்று தானாக வந்து நின்றவள் இவள்தான்.

கிளப்பில் சேர்ந்த அன்றைக்கே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். கையைப் பற்றி நீயாகப் பேசாதே. யாராவது கேட்டால் சிரித்து வை. மேலே போய் ‘அளந்து பாருங்கள்’ என்று மட்டும் கேட்டுவிடாதே. சொன்னவர் கிளப்பின் செயலாளர். இந்த டைல்ஸ் கடையும் அவருடையதுதான். இயற்பியல் பட்டத்தை வைத்துக்கொண்டு வேலைக்கு அலைந்தவளைக் கூப்பிட்டுக் கடையில் உட்கார வைத்தவர் அவர். முதல் ஷூ வாங்கித் தந்தவர் அவர். முழுக்கைச் சட்டை தந்தவரும் அவர்தான்.

வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் அணியில் அவளுக்கு மட்டும் முழுக்கை. மணிக்கட்டுவரை பட்டன். மற்றவர்கள் அரைக்கைச் சட்டையில் காற்று வாங்க, அவள் மட்டும் வேகவைத்த மாதிரி நிற்பாள். அவளுடைய வலது முழங்கை நேராக இராது. தொங்கவிட்டாலும் உள்பக்கம் வளைந்தே இருக்கும். கூட ஆடுகிறவர்கள் அதற்காக வைத்த பெயர் ‘அருவா’. கிண்டலாக வைத்தார்கள். விக்கெட்டுகள் விழ விழ மரியாதையாகிவிட்டது.

‘எறி’ என்ற சொல்லுக்குக் கிளப்பில் தடையே இருந்தது. பந்தைப் போடு என்பார்கள், விடு என்பார்கள், எல்லைக்கோட்டிலிருந்து தூக்கிக் குடு என்பார்கள். அவள் காதில் விழுந்துவிடக் கூடாதாம். அந்த மைதானத்தில் குப்பையைக்கூட யாரும் எறிந்ததில்லை, போடத்தான் செய்தார்கள்.

அம்பயர் தொண்டையைச் செருமினார். “வேண்டாம்மா. நல்லாத்தானே போய்ட்டிருக்கு.”

“எங்க சார் போய்ட்டிருக்கு? தொழில்முறை அணித் தேர்வாளர் வர்றாங்க, பாக்கறாங்க, கைதட்டறாங்க, போயிடறாங்க. நான் அவுட் பண்ணவங்க ரெண்டு பேரு இன்னிக்கு அங்க சம்பளம் வாங்கி ஆடறாங்க. உங்க ரிப்போர்ட்ல ஒரு வரி இல்ல. அப்புறம் யாரு சார் அவங்க காதுல ஓதறது?”

அவர் கடையின் கோடியில் இருந்த கண்ணாடி அறையை ஒரு கண் பார்த்தார். உள்ளே செயலாளர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அம்பயர் குரலை இறக்கினார்.

“நான் சொன்னதா இருக்க வேணாம். மூணு வருஷம் முன்னாடி தேர்வாளர் டீ குடிச்சிட்டிருக்கறப்ப நானும் பக்கத்துலதான் இருந்தேன். அந்த ஸ்பின் போடற பொண்ணு எப்படின்னு கேட்டாங்க. உங்க செயலாளர், ‘தங்கமான பொண்ணு, நல்லாப் போடுவா, கை மட்டும்தான் கொஞ்சம்…’னு இழுத்தாரு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. அவங்களும் கேக்கல.”

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவர் கண்முன்னே பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு டைலையும் விரல் முட்டியால் தட்டிக் காட்ட வேண்டும். கணீரென்றால் நல்லது. மொத்தென்றால் உள்ளே விரிசல். அவள் அடுத்த டைலை எடுத்துத் தட்டினாள். கொஞ்சம் பலமாகவே தட்டிவிட்டாள். இரண்டாகப் பிளந்தது.

“இதை என் பில்லுல சேத்துடாதம்மா” என்றார் அம்பயர். பிறகு, போகிற போக்கில், “அந்தச் சட்டைக்குள்ள என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்? கண்ணால பாத்தாத்தானே எழுத முடியும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தன் முதல் ஓவருக்கு வந்தாள். பந்தை இடது கைக்கு மாற்றினாள். வலது கைப் பட்டனைக் கழற்றினாள். சட்டைக் கையை மடித்து, மடித்து, தோள்வரை ஏற்றினாள்.

ஸ்டம்புக்குப் பின்னால் குந்தியிருந்த கேப்டன் எழுந்து நின்றாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவள்தான் அணியின் விக்கெட் கீப்பர், எல்லாருக்கும் அக்கா.

“ஏய் அருவா, கையை எறக்கு.”

“வேர்க்குதுக்கா.”

“இத்தனை வருஷமா வேர்க்கலியா?”

“இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

அந்த முழங்கைக்கு ஒரு கதை உண்டு. வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை. பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கும் சமயத்தில் சைக்கிளிலிருந்து விழுந்து எலும்பு முறிந்தது. மாவுக்கட்டு போட்ட டாக்டர், தொடவே கூடாது என்று சொல்லி அனுப்பினார். ஆனால் எழுதுகிற கை அது. வீட்டிலேயே முதன்முதலாக ஒருத்தி பத்தாம் வகுப்பு எழுதப் போகிறாள். சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற அப்பா, தெருவில் எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொடுவார். பரீட்சைக்கு முந்தின நாள் அம்மா துணி வெட்டுகிற பெரிய கத்தரியை எடுத்தாள். பழைய துணிகளைப் பிரித்து அளவு மாற்றித் தைப்பவள் அவள். வெட்டுவதில் கை தேர்ந்தவள். கட்டைப் பிரித்துவிட்டாள். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். தேறினாள். எலும்பு கோணலாகவே கூடிவிட்டது.

கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது, கை முறிந்தவர்கள் சொல்லச் சொல்ல வேறொருவர் பரீட்சை எழுதித் தர இடம் உண்டென்று. ஒரு விண்ணப்பம் போதும். படித்தவர்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும், கேட்கலாம் என்பதே தெரியாது. வீட்டில் அந்தக் கதைக்குச் சிரிக்கும்போதெல்லாம் அவளுக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

இப்போது அந்தக் கை வெயிலில் இருந்தது. அவள் ஓடிவருவது குறைவு. நாலு எட்டு வைத்து, உடம்பைத் திருப்பி, பந்தைக் கண்ணுக்கு மேலே தூக்கி விடுவாள். ஆள்காட்டி விரல் பந்தின் தையலை இழுத்துச் சொடுக்கும். அந்த விரலின் ஓரத்தில் காய்ப்பு, கல் மாதிரி. பந்து மெதுவாகத்தான் போகும். போய், இறங்குகிற நேரத்தில் இறங்காமல் ஒரு கணம் யோசிக்கும். அந்த ஒரு கணத்தில்தான் மட்டை பிடித்தவள் காலைத் தப்பாக வைப்பாள். முதல் ஓவரில் ஒருத்தி போனாள். அடுத்ததில் இன்னொருத்தி. எதிரணிப் பெண்கள் எல்லைக்கோட்டில் நின்று அவள் முழங்கையைச் சுட்டிச் சுட்டிப் பேசினார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று பந்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் சும்மா நின்றாள்.

அம்பயர் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டு, குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று சாயங்காலம் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை செயலாளர் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

“யாரும்மா அந்த ஆளுக்குச் சொல்லிக் குடுத்தது?”

“நான்தான்.”

“நீயா? உனக்கு என்ன, பைத்தியம் பிடிச்சிருக்கா? தலையைக் கொண்டுபோய் நீயே குடுக்கறியா?”

“அளக்கட்டும் சார்.”

“அளந்து தப்புன்னு வந்துட்டா? எந்த மைதானத்துலயும் கால் வைக்க முடியாது. நான் உன்னைப் பெத்த பொண்ணு மாதிரி வச்சிருந்தேன். உன் நல்லதுக்குத்தான் மூடி வச்சேன்.”

“மூடியா வச்சீங்க? தேர்வாளர்கிட்ட ‘கை மட்டும்தான் கொஞ்சம்’னு சொன்னீங்களே. அதுவும் என் நல்லதுக்கா?”

அவர் மேஜைமேல் இருந்த மாதிரி டைல்களை அடுக்க ஆரம்பித்தார். அடுக்கியே இருந்ததை மறுபடி அடுக்கினார்.

“பொய்யா சொன்னேன்? கை கோணல்தானே?”

“கோணல்தான். எறியறேன்னு சொன்னீங்களா? இல்ல. எறியலன்னும் சொல்லல. பாதியில விட்டீங்க. அந்தப் பாதிதான் சார் மூணு வருஷமா என்னை இங்கேயே உக்கார வச்சிருக்கு.”

“நீ போயிட்டா கிளப்புக்கு என்ன இருக்கு? ரெண்டு கோப்பை வாங்கியிருக்கோம், யாரால? நீ அங்க போய்ப் பத்தோட பதினொண்ணா நிப்ப. இங்க ராணி மாதிரி இருக்க.”

“ராணிக்கு வேர்க்குது சார்.” அவள் கடைச் சீருடைக் கோட்டைக் கழற்றிக்கொண்டே பேசினாள். “இந்தக் கடையில ஒரு டைலைத் தட்டிக் காட்டாம வித்தா நீங்க என்னைச் சும்மா விடுவீங்களா? விட மாட்டீங்க. என்னை மட்டும் ஏன் சார் தட்டிப் பாக்கவே விடாம பெட்டிக்குள்ள வச்சிருந்தீங்க? மொத்துன்னு கேட்டா தூக்கிப் போடுங்க. கணீர்னு கேட்டா என்ன பண்றதுன்னுதானே உங்க பயம்.”

கோட்டை மடித்து நாற்காலியில் வைத்தாள். நாளைக்கு வர வேண்டாம் என்று அவர் சொல்வதற்குள் அவள் பாதிக் கடையைத் தாண்டியிருந்தாள். அவர் சொன்னது முதுகில் வந்து விழுந்தது.

சோதனைக்கூடம் ஒரு உடற்பயிற்சிக் கல்லூரியின் பின்கட்டில், சரக்குக் கிடங்கு மாதிரி நீண்ட கூடத்தில் இருந்தது. ஜன்னல் இல்லை. சுவரைச் சுற்றிக் கேமராக்கள். நடுவே பச்சைப் பாய் விரித்த ஆடுகளம். அவள் வயதே இருக்கும் ஒரு பெண், சுண்டைக்காய் அளவு வெள்ளி உருண்டைகளைத் தோளிலிருந்து மணிக்கட்டுவரை பசை போட்டு ஒட்டினாள்.

“பிரிக்கறப்ப கொஞ்சம் இழுக்கும்” என்றாள்.

“இதைவிடப் பெருசா பிரிச்சிருக்காங்க” என்றாள் இவள்.

அக்கா மருந்துக்கடைக்கு லீவு சொல்லிவிட்டுத் துணைக்கு வந்திருந்தாள். ஒரு வாரமாக இவளோடு பேசாமல் இருந்தவள். அன்று காலை பஸ் நிறுத்தத்தில் முறைத்துக்கொண்டு வந்து நின்றாள். இப்போது பக்கத்தில் வந்து காதோடு சொன்னாள்:

“மத்ததெல்லாம் எப்பவும் போல போடு. சித்தப்பாவை மட்டும் மெதுவா விடு.”

சித்தப்பா என்பது அவளுடைய ஒரு பந்து. உள்ளே வருகிற மாதிரியே வந்து, தரையில் பட்டதும் வெளிப்பக்கம் போய்விடும். வீட்டுக்கு வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, தெருமுனையிலேயே திரும்பிப் போய்விடுகிற சித்தப்பா ஒருவர் அவளுக்கு உண்டு. கல்லூரியில் சேர்ந்தபோது கூடவே இருப்பேன் என்று சொல்லி, ஃபீஸ் கட்டுகிற நாளில் காணாமல் போனவர். அவர் நினைவாக அணியில் அந்தப் பந்துக்கு அந்தப் பெயர். அவள் விக்கெட்டுகளில் பாதி சித்தப்பா எடுத்தவை. அதைப் போடத்தான் கை அதிகம் சொடுக்கும். அக்காவுக்கு அது தெரியும். ஸ்டம்புக்குப் பின்னால் குந்தியிருந்து பார்த்தவள்.

“மெதுவா விட்டா அது சித்தப்பாவே இல்லக்கா.”

“தெரியும்டி. இவங்களுக்குத் தெரியாதுல்ல?”

“எனக்குத் தெரியும்ல?”

எல்லாப் பந்தையும் மேட்சில் போடுகிற வேகத்திலேயே போட்டாள். சித்தப்பாவையும்.

முடிவு வந்த அன்று கூடத்தின் பொறுப்பாளர் அவர்களைத் திரையின் முன் உட்கார வைத்தார். திரையில் அவளுடைய கை, சதையில்லாமல், வெறும் கோடுகளும் புள்ளிகளுமாக ஆடியது. பார்க்க வேடிக்கையாக இருந்தது. ஊரே பேசின கை, ஆறேழு புள்ளிகள்.

“இந்த எலும்பு கோணலா கூடினதால உங்க முழங்கை முழுசா நிமிரவே நிமிராது” என்றார் அவர். “நீங்க நினைச்சாக்கூட பெருசா எறிய முடியாது. கை மடங்கியிருக்கறது தப்பு இல்லம்மா. மடங்கியிருந்தது நிமிர்றதுதான் தப்பு.”

“எங்க மருந்துக்கடையிலயும் அதே சட்டம்தான் சார். மாத்திரை அட்டை மடங்கியிருந்தா பரவாயில்ல, நிமிர்த்திக் கொண்டுவந்தா திருப்பி எடுக்க மாட்டோம்” என்றாள் அக்கா.

அவர் சிரிக்கவில்லை, அடுத்த படத்துக்குப் போனார். அவளுடைய சுழற்பந்து சுத்தம். வேகமாக விடுகிற பந்தும் சுத்தம். சித்தப்பா மட்டும், கை நிமிர அனுமதித்த அளவுக் கோட்டைத் தாண்டிவிட்டார். கொஞ்சம்தான், ஆனால் தாண்டியது தாண்டியதுதான். இனிமேல் அந்தப் பந்தை எந்த மேட்சிலும் போடக் கூடாது. மற்றதெல்லாம் போடலாம்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தார்கள். அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

“சொன்னேன்ல. மெதுவா விட்டிருந்தா அதுவும் தப்பிச்சிருக்கும்.”

“அப்புறம் ஒவ்வொரு தடவை அதைப் போடறப்பவும் பயந்துட்டே போடணும்.” அவள் உதட்டைக் கடித்தாள். கண் கலங்கியது, துடைக்கவில்லை. “போகட்டும்க்கா. எப்பவும் விட்டுட்டுப் போறவருதானே.”

“பாதி விக்கெட் போச்சேடி.”

“மீதிப் பாதி என்னோடது. யாரும் வந்து கேக்க முடியாது.”

கிளப்பில் அவளைச் சேர்க்க மாட்டேன் என்றார் செயலாளர். அப்படியென்றால் விக்கெட் கீப்பரையும் தேடிக்கொள்ளுங்கள், கேப்டனையும் தேடிக்கொள்ளுங்கள், இரண்டும் ஒரே ஆள்தான் என்பதால் தேடுவது சுலபம் என்றாள் அக்கா. அரையிறுதிக்கு மூன்று நாள் இருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

அந்த மேட்சுக்குத் தேர்வாளர் வந்திருந்தார். சித்தப்பா இல்லாமல் அவள் போட்ட முதல் மேட்ச் அது. முதல் மூன்று ஓவர் அடி விழுந்தது. எதிரணிக்கு விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. பந்து உள்ளேதான் வரும், கண்ணை மூடிக்கொண்டு இந்தப் பக்கம் அடிக்கலாம். பந்து இரண்டு தடவை சாலைக்கே போய் விழுந்தது. செயலாளர் குடைக்குக் கீழே உட்கார்ந்து தலையை ஆட்டினார்.

அவள் பந்தைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். திருப்ப முடியாவிட்டால் என்ன, திரும்பாமலும் விடலாமே. அதே நாலு எட்டு, அதே தூக்கல், விரல் மட்டும் தையலுக்கு அடியில் வழுக்கும். பந்து உள்ளே வரும் என்று மட்டை வளைந்து வரும். பந்து நேராகப் போய்விடும். வித்தை எதுவும் இல்லை. வேண்டியதெல்லாம் அடி விழும்போதும் பந்தை மேலே தூக்கிக் கொடுக்கிற நெஞ்சழுத்தம். அது அவளிடம் தேவைக்கு மேலேயே இருந்தது. மறுபடி தூக்கினாள். மட்டை காற்றை வெட்டியது, ஸ்டம்ப் சாய்ந்தது. சாயங்காலத்துக்குள் இன்னும் நாலு பேர் அப்படியே போனார்கள், ஒருத்தி போகும்போது மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, அதில் ஓட்டை இருக்கிற மாதிரி.

தேர்வாளர் எழுந்து அவளிடமே நேராக வந்தார். நடுவில் குடையோடு வந்தவரை நின்று பார்க்கவில்லை. அடுத்த மாதம் தொழில்முறை அணியின் வலைப்பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். சம்பளம் வாங்குகிற மட்டைகளுக்கு எதிரே ஒரு வாரம் போட்டாள். சீசனுக்கு ஒப்பந்தம் தந்தார்கள், ஒவ்வொரு மேட்சுக்கும் ஆளைத் தேர்ந்தெடுப்பது அணி நிர்வாகம் என்ற நிபந்தனையோடு. அப்பா அன்றைக்கு யாரோ ஒருவர் வீட்டில் ஏணிமேல் நின்றுகொண்டு போனில் கேட்டார். கேட்டுவிட்டு, அந்தச் சுவருக்கு வேறு கலரை அடித்துவிட்டார்.

முதல் மேட்சுக்கு இரண்டு நாள் முன்னால் அணி அலுவலகத்தில் சீருடை கொடுத்தார்கள். மேனேஜர் மேடம் தானே எடுத்துக் கொடுத்தார். ஆளுக்கு மூன்று சட்டை. எல்லாருக்கும் அரைக்கை. அவளுடைய பையில் மட்டும் மூன்றும் முழுக்கை.

“உனக்குன்னு தனியா ஆர்டர் பண்ணோம்” என்றார் மேடம், பரிசு கொடுக்கிற முகத்தோடு. “டிவியில கேமரா முழங்கைக்கிட்டயே வந்து நிக்கும். நீ பாஸ் பண்ணது நமக்குத் தெரியும், பாக்கறவங்களுக்குத் தெரியுமா? ஆளாளுக்கு ஒண்ணு பேசுவாங்க. விளம்பரம் குடுக்கறவங்க போன் பண்ணுவாங்க. எதுக்கு வம்பு?”

அவள் பையை வாங்கிக்கொண்டு வந்தாள்.

அம்மாவின் தையல் மெஷின் ஜன்னலோரம். அன்று மெஷினில் யாருடையதோ கல்யாணக் கோட்டு, இடுப்பைப் பெரிதாக்க வந்தது. மகள் மூன்று சட்டைகளையும் எடுத்து மெஷின் மேல் போட்டாள்.

“கையை வெட்டணும்மா.”

“எவ்வளவு?”

முழங்கைக்கு மேலே, நன்றாகத் தெரிகிற உயரத்தில் விரலை வைத்துக் காட்டினாள். அம்மா அந்த விரலைப் பார்த்தாள். பிறகு முழங்கையைப் பார்த்தாள். வீட்டில் சிரித்துச் சொல்கிற கதைக்கு அம்மா மட்டும் எப்போதும் முதலில் சிரிப்பாள், சத்தமாக. இன்று சிரிப்பு வரவில்லை.

“அவங்க முழுக்கைதானே குடுத்திருக்காங்க. வெட்டினா கோவிச்சுக்க மாட்டாங்களா?”

“கோவிச்சுக்குவாங்க.”

“ஆட விடலன்னா?”

“விடலன்னா வேணாம். மறைச்சு ஆடினது போதும்மா. நான் என்ன திருடிட்டா வந்தேன்?”

அம்மா சுண்ணாம்புக் கட்டியை எடுத்து அளவு போட்டாள். கத்தரியை எடுத்தாள், எடுத்த கை ஒரு கணம் நின்றது. “ஒரு தடவை அவசரப்பட்டு வெட்டிட்டேன்” என்றாள், துணியைப் பார்த்தபடி.

“இதை நிதானமா வெட்டு.”

நிதானமாக வெட்டினாள். வெட்டினதோடு விடவும் இல்லை. ஓரத்தை மடித்து, இரட்டைத் தையல் போட்டு, இஸ்திரி போட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்ததைப் பல்லால் கடித்துத் துப்பினாள். “டிவியில வருதுல்ல. பிசிறு தெரிஞ்சா என்னைத்தான் சொல்வாங்க.”

மேட்ச் அன்று உடை மாற்றும் அறையில் தைல வாசனையும் ஈரத் துண்டு வாசனையும். நீள பெஞ்சில் பெண்கள் ஷூ கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றி, மூலையில் உட்கார்ந்து, விரல் காய்ப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெளியே சத்தம் ஏறியது. களம் இறங்க ஒவ்வொருவராக எழுந்தபோது அவளும் எழுந்து ஜாக்கெட்டைக் கழற்றினாள்.

தலைகள் திரும்பின. மேனேஜர் மேடம் கதவருகே இருந்து வந்தார்.

“என்ன இது?”

“சட்டை மேடம்.”

“கிண்டலா? முழுக்கை எங்கே?”

“வெட்டியாச்சு.”

“மூணுமேவா?”

“மூணும்தான். எங்கம்மா தச்சாங்க. பிசிறு இருக்காது, பாருங்க.”

மேடம் பார்க்கவில்லை. அவளைப் பெஞ்சின் கோடிக்கு அழைத்துப் போய், பல்லுக்கு நடுவே பேசினார். “கிட் விஷயத்துல நாங்க சொல்றதுதான். ஒப்பந்தத்துல இருக்கு.”

“படிச்சேன் மேடம். எங்க வீட்ல முதல்ல படிச்சவ நான். எதையும் விடாமப் படிப்பேன். கலர் இருக்கு, நம்பர் இருக்கு, விளம்பரம் எந்த இடத்துல வரணும்னு இருக்கு. கை எவ்வளவு நீளம்னு இல்ல.”

“சரி. சட்டம் பேச வேணாம்.” மேடத்தின் குரல் இறங்கியது, இறங்கியதும் நல்லவராகத் தெரிந்தார். “நான் உன்னைப் பிடிக்காமச் சொல்லல. இந்த ஒரு சீசன் மூடிக்கிட்டு ஆடு. பேர் வரட்டும். பேர் வந்தப்புறம் கையில்லாத சட்டை போட்டாக்கூட யாரும் கேக்க மாட்டாங்க. உள்ள போட்டுக்கற நீளக் கை பனியன் இருக்கு, இந்தா. ஒரு நிமிஷம்தான்.”

நீட்டிய கையில் கறுப்புப் பனியன் தொங்கியது. நல்ல துணி, வேர்க்காத துணி. செயலாளர் தந்ததைவிட எவ்வளவோ மேல்.

“பேர் வந்தப்புறம் கழட்டினா, அதுவரைக்கும் எதையோ மறைச்சேன்னுதான் மேடம் சொல்வாங்க.”

“இன்னிக்கு உன் பேரைக் குடுத்தாச்சு, மாத்த முடியாது. அடுத்த மேட்சுக்கு நான் உன் பேரைச் சொல்ல மாட்டேன். புரியுதா?”

“புரியுது மேடம்.”

“அப்புறம்?”

அவள் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தாள். பனியன் அந்தரத்திலேயே தொங்கியது. பெஞ்சிலிருந்த பெண்களில் ஒருத்தி, இவள் ஒரு காலத்தில் கிளப் மேட்சில் அவுட் பண்ணினவள், காலை இழுத்துக்கொண்டு வழி விட்டாள்.

கதவைத் தாண்டினால் இருட்டான நடை, நடையின் முடிவில் வெயில். மேலே எங்கேயோ கூட்டத்துக்குள் அம்மா இருந்தாள், தையல் தெரிகிறதா என்று பார்க்க. பக்கத்தில் அக்கா, அம்மாவுக்கு ஓவர் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டு. பின்னால் மேடம் இன்னொரு தடவை கூப்பிட்டார். அவள் கேட்டாள், திரும்பவில்லை. கோணல் கையைத் தளர்வாக வீசிக்கொண்டு வெயிலுக்குள் நடந்தாள்.